பிரேக் இல்லாத வீரம்

கோயம்புத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்த மாசிலாமணிக்கு வாய்தான் முதலீடு. சக்கரம் சுற்றும்வரை பெடலும் நிற்காமல் சுற்றுகிற ஃபிக்ஸட் வீல் சைக்கிள் முதன்முதலாக வாங்க வந்தாள் ரஹீமா. பிரேக்கே இல்லாத பந்தய வண்டியை அவள் தலையில் கட்டப் பார்த்தார்.

“ரோட்டுல ஓட்டறதுக்குங்க. பிரேக் வேணுமுங்களே?”

“அதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்கும்மா! நான் கால்லயே நிறுத்துவேன்.”

கடையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

“அப்படீங்களா? எதிர்த்த பாலத்து இறக்கத்துல ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க. இப்பவே வாங்கிக்கறேன்.”

மாசிலாமணி இறக்கத்தைப் பார்த்தார். இரைந்து வரும் லாரிகளைப் பார்த்தார். “எந்த வண்டியா இருந்தா என்ன?” என்றபடி, மூலையில் பிரேக்கோடு நின்ற இன்னொரு ஃபிக்ஸட் வீலை உருட்டி வந்து ஏறினார்.

ரஹீமா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

“இறங்குங்கண்ணா. உங்க உசுருக்குன்னு நீங்க எடுத்த வண்டியே எனக்கும் போதும்.”