மூன்று தீக்குச்சிகள்

"டீச்சர், போக்கர்ல திறமை எத்தனை பங்கு, அதிர்ஷ்டம் எத்தனை பங்கு?"

கேட்டவர் கோமதிநாயகம். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வெரோனிக்கா கல்லூரியில் நிகழ்தகவு நடத்துகிறவர். கோமதிநாயகத்தைவிடப் பல வயது இளையவர். ஒரு வருடமாகக் கோமதிநாயகம் அவரிடம்தான் கணக்குப் படித்து வந்தார்.

"யாருக்கும் யாருக்கும் நடுவுல?" என்றார் வெரோனிக்கா.

"ஆட்டத்தைக் கேட்டா ஆளை ஏன் இழுக்கீங்க?"

"நானும், என்னை மாதிரியே ஆடுற இன்னொருத்தியும் உட்கார்ந்தா முழுக்க அதிர்ஷ்டம்தான்."

கோமதிநாயகம் யோசித்தார்.

"சரி. எனக்கும் உங்களுக்கும் நடுவுல?"

"என்ன அவசரம்?"

அவசரம் இருந்தது. ஜெபராஜ் என்பவன் நல்ல ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கோவாவுக்கு ஆட அனுப்புகிறவன். சீட்டாட்டக் கிளப்பில் எட்டு மாதமாகக் கோமதிநாயகத்தை அசைக்க ஆளில்லை என்று கேள்விப்பட்டு வந்திருந்தான். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போவதென்றால் கிரேன் வேலையை விட வேண்டும். விட்டால் அது திரும்பக் கிடைக்காது.

வெரோனிக்கா உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்தார். அது நிறையச் சீட்டுக்கட்டுகள். ஆளுக்கு ஒரு தீப்பெட்டி.

"குச்சி வச்சு ஆடுவோம்."

ஓர் ஆட்டத்துக்கு ஒரு கட்டு. ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளைப் போட்ட வரிசையிலேயே திரும்ப அடுக்கி, ரப்பர் பேண்ட் மாட்டி, பெட்டிக்குள் வைத்தார் வெரோனிக்கா.

"கலைக்க மாட்டீங்களா?"

"முன்னாலயே கலைச்சதுதான்."

இது ஒரு டீச்சர் வழக்கம் போலும் என்று கோமதிநாயகம் விட்டுவிட்டார்.

அது திங்கட்கிழமை. எல்லாக் கட்டும் ஆடி முடிந்தபோது அவர் பக்கம் பன்னிரண்டு குச்சி கூடுதல்.

"பார்த்தீங்களா? நீங்க பந்தயத்தை ஏத்துறப்பவே உங்க மூஞ்சி சொல்லிருது டீச்சர். எல்லாம் நிதானம்."

"சனிக்கிழமை மத்தியானம் வாங்க" என்றார் வெரோனிக்கா.

சனிக்கிழமை அதே பெட்டி, அதே மாதிரிக் கட்டுகள். வெரோனிக்கா அன்று ஜன்னலோர நாற்காலியில் முந்திக்கொண்டார். வெயிலுக்கு எதிரே கோமதிநாயகம்.

நல்ல சீட்டே வரவில்லை. வந்தாலும் எதிரே அதைவிடப் பெரிதாக இருந்தது. சலித்துப்போய்ச் சில ஆட்டங்களில் சீட்டைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்து விலகினார். முடிவில் ஒன்பது குச்சி நஷ்டம்.

"இன்னைக்கு நான் எங்க ஆடினேன்? சீட்டுல்லா ஆடிச்சு" என்றார்.

"திங்கட்கிழமை?"

"அன்னைக்கு நான் ஆடினேன்."

வெரோனிக்கா பெட்டியிலிருந்து ஒரு கட்டை எடுத்துப் பிரித்தார்.

"இது திங்கட்கிழமைக் கட்டு."

"அதெப்படி? இதுல மேல ஆட்டின் ராஜா இருக்கே. அன்னைக்கு நான் இஸ்பேட் ராஜா வச்சுல்லா ஜெயிச்சேன்."

"ஆட்டின் இருந்த இடத்துல இஸ்பேட். இஸ்பேட் இருந்த இடத்துல ஆட்டின். டைமனும் கிளாவரும் அதே மாதிரி. போக்கருக்கு அதெல்லாம் ஒண்ணுதான். உங்க கண்ணுக்கு மட்டும் வேற."

கோமதிநாயகம் கட்டை வாங்கிப் புரட்டினார்.

"எல்லாக் கட்டும் அப்படித்தான். நாற்காலியை மட்டும் மாத்திக்கிட்டோம். அன்னைக்கு எனக்கு வந்தது எல்லாம் இன்னைக்கு உங்களுக்கு வந்தது."

அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் முகத்தில் அடித்தது. நகரவில்லை.

"அப்போ அந்தப் பன்னிரண்டு குச்சி..."

"நல்ல சீட்டை வச்சு நீங்க பன்னிரண்டு எடுத்தீங்க. அதே சீட்டை வச்சு எனக்கு ஒன்பதுதான் வந்தது."

கோமதிநாயகம் மெதுவாகக் கழித்துப் பார்த்தார்.

"மூணு."

"மூணு உங்களோடது. அதுவும் இத்தனை ஆட்டத்தை வச்சுச் சொல்றது. இன்னும் ஆயிரம் ஆடினா கூடலாம், குறையலாம்."

மூன்று குச்சிகளைத் தனியே எடுத்து மேசையில் வைத்தார் வெரோனிக்கா. கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது. மூன்றானாலும் தன்னுடையது.

"எந்த ஆட்டத்துல வந்தது? அந்த ராஜா ஆட்டமா? கடைசிச் சீட்டு வரைக்கும் உங்களை இழுத்துட்டுப் போனேனே, அதுவா?"

"அதுல நானும் இன்னைக்கு அதேதான் எடுத்தேன். மத்ததெல்லாம் அங்க இங்க சரியாப் போச்சு. மிஞ்சினது இது ஒண்ணு."

இன்னொரு கட்டைப் பிரித்து இரண்டு சீட்டுகளை அவர் முன்னால் போட்டார். கிளாவர் ஏழு. டைமன் இரண்டு. போக்கரில் இதைவிட மட்டமான சீட்டு இல்லை.

"அன்னைக்கு இதை வச்சுக்கிட்டு நான் விடாம ஏத்தி நாலு குச்சி விட்டேன். இன்னைக்கு உங்களுக்கு முதல்ல வச்ச ஒண்ணுதான் போச்சு."

கோமதிநாயகம் சீட்டுகளைக் கையில் எடுத்தார். எவ்வளவு யோசித்தும் அப்படியொரு ஆட்டம் நினைவுக்கு வரவில்லை.

"இதைப் பார்த்ததும் கவிழ்த்து வச்சிருப்பேன்."

"ஆமா."

"இதுல நான் ஆடவே இல்லையே டீச்சர்!"

வெரோனிக்கா சீட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

போன் அடித்தது. ஜெபராஜ்.

"அண்ணாச்சி, என்ன முடிவு? டிக்கெட் போட்டுரவா?"

"வேண்டாம் ஜெபராஜ். வேலையை விடலை."

"என்ன அண்ணாச்சி, உங்க தைரியத்தைப் பார்த்துல்லா வந்தேன். ஆடாமலே பயந்துட்டீங்களா?"

"இல்லப்பா" என்றார் கோமதிநாயகம். "இப்பத்தான் ஆடினேன்."