தொம்மை கவிழ்த்த தட்டு

மீன்வளம் அளக்கப் போன ஆராய்ச்சிக் கப்பலில் தொம்மைதான் சமையல்காரர். தலைமை விஞ்ஞானி இளஞ்செழியன் எதைப் பரிமாறினாலும் "காரம்" என்று தட்டைத் தள்ளிவிடுவார். மூன்று நாளாக அவருடைய கருவி கடலின் அடிவரை துழாவியும் ஒரு மீனைக்கூடக் காட்டவில்லை.

"இங்க மீனே இல்ல. மீன்பிடிக்கத் தடை போடச் சொல்லி எழுதிட்டேன்," என்றார்.

தொம்மையின் ஊர் வள்ளங்களுக்கெல்லாம் இந்தக் கடல்தான் பிழைப்பு.

"மீன் இருக்குய்யா."

"நான் டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒண்ணு காட்டு. இல்லன்னா அடுத்த துறைமுகத்துல இறங்கிக்கோ."

தொம்மை விஞ்ஞானியின் மதியத் தட்டை எடுத்துப்போய்க் கப்பலின் பின்பக்கம் கவிழ்த்தார். கடல் உலைபோலக் கொதித்தது. பாரை மீன்கள் முண்டியடித்தன. கோலா மீன் ஒன்று பறந்து வந்து, பின்னாலேயே வந்த இளஞ்செழியனின் டீக் கோப்பையைத் தட்டிவிட்டது.

இளஞ்செழியன் அறிக்கையைக் கிழித்துக்கொண்டே கேட்டார்: "என் கருவிக்கு ஏன் தெரியல?"

"அது கப்பலுக்குக் கீழதானய்யா பாக்குது. இதுக நீங்க வேண்டாம்னு தள்ளுன சோத்துக்காக மூணு நாளா மேலாக்கப் பின்னாலயே வருதுக. இதுவரைக்கும் ஒண்ணுகூட காரம்னு சொல்லல."