மெதுவா அடிங்க, அண்ணாச்சி!

தூத்துக்குடியில் ஏர் ஹாக்கி என்றால் டைட்டஸ்தான். மேசைமேல் காற்றில் மிதக்கும் வட்டை மட்டையால் அடித்து எதிராளியின் கோலுக்குள் தள்ளும் ஆட்டம் அது. விளையாட்டுக்கூடத்துச் சுவரில் தொங்கும் தரவரிசைப் பலகையின் உச்சியில் ஏறிய அவர் பெயர் இறங்கியதே இல்லை. அங்கே பாப்கார்ன் விற்கும் ஜெசிந்தா, பலகையில் தன் பெயரையும் எழுதச் சொல்லி அவரிடமே போய்க் கேட்டாள்.

டைட்டஸ் சிரித்தார். "என்னை ஜெயி, எழுதலாம். ஆனா வட்டை நீ ஒரு தடவைகூட அடிக்கக் கூடாது. தோத்தா இந்த மேசைப் பக்கமே வரக் கூடாது."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அடிக்காமல் எப்படிக் கோல் போடுவது?

"சரி அண்ணாச்சி. கொஞ்சம் மெதுவா மட்டும் அடிங்க, எனக்குப் பயமா இருக்கு," என்றாள் ஜெசிந்தா.

அது போதாதா? மேசைத் துளைகளில் காற்று சீறியதும் டைட்டஸ் ஓங்கி அடித்தார். ஜெசிந்தா தன் கோலுக்கு முன்னால் மட்டையை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மிதந்து பறந்த வட்டு அதில் மோதி, வந்த வேகத்திலேயே திரும்பி, டைட்டஸ் கையை இழுப்பதற்குள் அவருடைய கோலுக்குள் விழுந்தது.

"மெதுவா, அண்ணாச்சி!" என்று கெஞ்சினாள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்னும் ஓங்கி அடித்தார்; வட்டு இன்னும் வேகமாகத் திரும்பியது. ஏழாவது கோலும் அப்படியே விழ, ஆட்டம் முடிந்தது.

ஜெசிந்தா நிமிர்ந்து நின்றாள். "அடிச்சது பூரா நீங்கதான். உங்களை ஜெயிச்சதும் நீங்கதான். அதனால முதலிடம் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு ரெண்டாவது போதும்."

அன்றிலிருந்து அந்த ஊரில் எல்லாரும் ரெண்டாம் இடத்துக்குத்தான் போட்டி போடுகிறார்கள்.