மூன்று பேரும் கேட்ட ராஜாளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் வரும் மூன்று கலைஞர்களையும் நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஆனாலும் தீர்ப்பு உங்களுடையது.

பாரசீகத்தில் ஓர் ஊர். அதை ஆண்ட அமீர் அர்தலானுக்கு வேட்டை என்றால் உயிர். கவிஞர் ஸரீர், ஏடுகளைப் பிரதி எடுக்கும் எழுத்தர் யாகூப், ஓவியர் மன்சூர் ஆகிய மூவரும் கூடவே போவார்கள். அமீர் முயலை அடித்தாலும் ஏட்டில் அது புலியாக வேண்டுமே!

அமீரின் ராஜாளிகளைப் பழக்கியவன் காம்ரான். ஒரு நாள் வேட்டையில் அமீர் எய்த அம்பு அவன் முதுகில் பாய்ந்தது. கை தவறி அல்ல. காம்ரானின் மனைவி மஹ்பானுவின் மேல் அமீருக்கு வெகு நாளாகவே ஒரு கண். உடலைக் காட்டிலேயே புதைத்துவிட்டு, சிங்கம் அடித்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள். கலைஞர்கள் மூவரும் நடந்ததைப் பார்த்தவர்கள்.

துக்க காலம் முடிந்ததும் அமீர் பெண் கேட்டார். பெண் வாய்திறந்து சம்மதம் சொல்லாமல் அங்கே நிக்காஹ் கிடையாது. எனவே படங்களோடு ஒரு காதல் காவியம் எழுத மூவருக்கும் உத்தரவு பிறந்தது. காம்ரான் சிங்கத்தின் குறுக்கே பாய்ந்து அமீரைக் காத்தானாம். சாகும்போது மனைவியை அவரிடமே ஒப்படைத்தானாம். "அதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்" என்றாள் மஹ்பானு.

அவளுக்குச் சந்தேகம் இருந்தது. மூவருக்கும் ரகசியமாக ஆள் அனுப்பினாள்: "என் புருஷன் எப்படிச் செத்தார் என்பதை மறைக்காதவருக்கு, அவர் வளர்த்த வெள்ளை ராஜாளியைத் தருகிறேன்." மூவரும் சரி என்றார்கள். அப்படிப்பட்ட பறவை அந்த நாட்டிலேயே வேறு இல்லை.

சபை கூடியது. மஹ்பானு திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முதலில் இறைவன் துதி, பிறகு அமீர் துதி. நிலா முகமாம், ஓங்கி வளர்ந்த சரோ மரம் போன்ற உயரமாம்! குள்ளமான அந்தத் தொந்திக்காரருக்கு முந்நூறு ஈரடிகள்! மகிழ்ந்துபோன அமீர், வழக்கப்படி, கவிஞரின் வாய் கொண்ட மட்டும் முத்துகளைத் திணிக்கச் சொன்னார். வாயில் அடங்கியதெல்லாம் அவருக்கே சொந்தம். ஸரீர் தாடை விரிய, எச்சில் ஒழுக, ஒன்றையும் துப்பாமல் உட்கார்ந்திருந்தார். சீ!

மீதியை யாகூப் படித்தார். சிங்கம் வந்தது, காம்ரான் விழுந்தான், சபை அழுதது. கடைசி ஈரடிக்கு வந்ததும் அதைப் படிக்காமலே அவர் சட்டென்று ஏட்டை மூடினார்.

மறைக்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டவர்களே சிங்கத்தைக் காட்டினால் வேறென்ன செய்வாள்? திரைக்குப் பின்னாலிருந்து, "சம்மதம்" என்றாள் மஹ்பானு.

நிக்காஹ் முடிந்ததும் அந்த ஏட்டையே அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார் அமீர். அவருக்குக் கவிதை கேட்கத் தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. மஹ்பானு கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "சிங்கம் ஏதுமில்லை. அம்பு முதுகில் பாய்ந்தது. எய்தவர் அமீர்." பக்கத்தில் இருந்த படத்திலும், காம்ரானின் முதுகுக்குப் பின்னால் தீட்டிய துலிப் பூக்களின் நடுவிலிருந்து ஓர் அம்பின் வாலிறகு எட்டிப்பார்த்தது.

மறுநாள் மூவரும் ராஜாளி கேட்டு வந்து நின்றார்கள். கொஞ்சம்கூடக் கூசவில்லை!

"எழுதியது நான், பேகம். நான் எழுதாவிட்டால் உண்மையே இல்லை" என்றார் ஸரீர்.

"நினைத்திருந்தால் அழித்திருப்பேன். ஒரு புள்ளிகூட விடாமல் பிரதி எடுத்தேன்" என்றார் யாகூப்.

"எழுத்தைச் சுரண்டிவிடலாம். கண்ணால் கண்டதை நான் படமாகவே போட்டேன். அமீர் எப்போதும் பார்க்கிற படம்! என் தலைதான் முதலில் போயிருக்கும்" என்றார் மன்சூர்.

கேட்டீர்கள் அல்லவா? எழுதியவரா, காத்தவரா, வரைந்தவரா? இவர்களில் ராஜாளி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: யாருக்கும் இல்லை. தான் சம்மதம் சொல்லலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் மஹ்பானு உண்மையைக் கேட்டாள். அதை அவள் சம்மதம் சொல்லி முடிக்கும்வரை புத்தகத்துக்குள் வைத்திருந்தவன் மறைத்தவன்தான். அவளும் அப்படியே தீர்ப்பு சொன்னாள். "ஏமாற்றி வாங்கிய சம்மதம் செல்லாது என்று நியாயம் தீர்க்கும் காஜியிடம் முறையிடப் போகிறேன். ஒரு சாட்சி போதும். பார்த்ததை வாயால் சொல்ல யார் வருகிறீர்களோ, பறவை அவருக்கு" என்றாள். ஸரீருக்குப் பல்வலி வந்தது. யாகூபுக்கு அவசர வேலை இருந்தது. மன்சூர், தான் அன்று வேட்டைக்கே போகவில்லை என்றார்.