குதிரை நிற்காத கைத்துப்பாக்கி

மஞ்சக்கோம்பைப் பாளையத்தின் ராஜா கனகசபாபதிக்கு ஊரை ஆளுவதைவிடத் தேய்ப்பதில்தான் ருசி அதிகம். பூட்டு, கத்தி, குத்துவிளக்கு, எதைக் கண்டாலும் புளியும் செங்கல்பொடியுமாக உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் பாட்டனாரின் பழைய கைத்துப்பாக்கி அவரிடம் சிக்கியது. பிடியில் பொறித்திருந்த சிங்கம் முதல் தேய்ப்பில் பூனையாயிற்று. அடுத்த தேய்ப்பில் பூனையும் ஓடிப்போயிற்று. சபையில் எல்லோரும் ஆஹா என்றார்கள். அந்த உற்சாகத்தில் ராஜா துப்பாக்கியைக் கழற்றி உள்ளே இருந்ததையும் தேய்த்தார்.

அங்கேதான் வந்தது வினை. துப்பாக்கியில் சுத்தியல்போல் வந்து அடிக்கும் பாகத்துக்குக் குதிரை என்று பெயர். பின்னால் இழுத்த குதிரை பாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது ஒரு சின்னக் கொக்கி. அந்தக் கொக்கியின் பல்லைத்தான் ராஜா வழுவழுவென்று ஆக்கிவிட்டார்.

மறுநாள் சபையில் மருந்து கெட்டித்து, குதிரையை இழுத்து, சிம்மாசனத்தின் கைமேல் துப்பாக்கியை மெதுவாக வைத்தார். அது தானாக வெடித்தது. மந்திரி சங்கரலிங்கத்தின் தலைப்பாகை பறந்துபோய்த் தூணடியில் விழுந்தது. மந்திரி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, மகாராஜாவின் குறி அபாரம் என்றார்.

ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாளைய தேர்ப் பவனிக்கு இதை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்போவதாகச் சொன்னார். ஊரில் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதேபோல் உள்ளும் புறமும் தேய்க்க வேண்டும், கூடாது என்று எவனாவது சொன்னால் அவனுக்கு நாக்கு இருக்காது என்று உத்தரவும் போட்டார்.

சபை விகடக்காரன் அம்பலவாணன் தன் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பவனியில் ராஜாவை ஒட்டி நடப்பவன் அவன்தான். வாயைத் திறந்தால் நாக்கு போகும். திறக்காவிட்டால் தொடை போகும்.

மறுநாள் காலையில் ராஜா மறுபடி மருந்து கெட்டித்துக் குதிரையை இழுத்துவைத்த துப்பாக்கியை இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டு சபைக்கு வந்தார். அங்கே மகாராணி உட்கார்ந்திருந்தார். கல்யாணமான புதிது. அரண்மனையில் இன்னும் தொட்டில் கட்டவில்லை. ராணியை யார் அழைத்தது என்று ராஜா கேட்டார்.

"நான்தான், மகாராஜா," என்றான் அம்பலவாணன். "தேய்க்கக் கூடாதென்று நான் சொல்லவே இல்லை. குதிரை நின்றாலும் ஓடினாலும் அது தங்கள் குதிரை. ஆனால் குழல் இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கொஞ்சம் குனிந்து பாருங்கள். அந்தச் சொத்தில் மகாராணிக்கும் பங்கு உண்டு. அவரை ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்புவது நியாயமில்லை."

ராஜா குனிந்தார். அப்படியே நின்றார். மூச்சுகூட விடவில்லை.

ராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "எனக்குச் சம்மதமில்லை," என்றார் பிறகு.

அம்பலவாணன் பக்குவமாகத் துப்பாக்கியை உருவி ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். நீட்டியதும் வெடித்தது. தோட்டத்துத் தென்னையில் ஓர் இளநீர் ஒழுகத் தொடங்கியது.

ராஜாவின் முகத்தில் ரத்தம் திரும்பச் சற்று நேரமாயிற்று. திரும்பியதும் விழுந்து விழுந்து சிரித்தார். துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் வெளியே எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும், உள்ளே கைவைப்பது துப்பாக்கிக் கொல்லன் வேலை என்று உத்தரவை மாற்றினார்.

"அம்பலவாணா, உன் சாமர்த்தியத்துக்கு இந்தத் துப்பாக்கியே பரிசு. வாங்கி இடுப்பில் செருகிக்கொள்," என்றார்.

அம்பலவாணன் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா. எனக்கும் பெண்டாட்டி இருக்கிறாள்."