முரட்டுத் தாள் வாசல் தாண்டாது

கொன்றையூர் சமஸ்தானத்தை ஒரு ராஜா ஆண்டுவந்தார். பூலோகசிங்கம் என்று பேர். பூலோகம் முழுக்க அவருடையதா என்று கேட்காதீர்கள். வடக்கே ஒரு கண்மாய், தெற்கே ஒரு புளியந்தோப்பு, நடுவிலே அரண்மனை. ராஜ்யம் அவ்வளவுதான். ஆனால் ஆணை போடுவதில் மட்டும் குறை வைக்கமாட்டார்.

அவருக்குத் திவான் ஏகாம்பரம். "மகாராஜாவின் பொற்றாள் பணிகிறேன்" என்று தினமும் காலில் விழுந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். விழுந்து விழுந்து நெற்றியே தேய்ந்துபோச்சு என்று ஊரில் பேச்சு. அந்தச் சபையில் விழாத ஆள் மந்திரி திருமேனி ஒருத்தர்தான். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிடுவார். அவர் நாற்காலியில் தன் மைத்துனனை உட்கார்த்திவிட வேண்டும் என்று திவானுக்கு ரொம்ப நாளாக ஆசை.

இளவரசிக்குக் கல்யாணம் கூடிவந்தது. தேக்கிலே ஊஞ்சல் பலகை செய்யச் சொல்லி, மேற்பார்வையைத் திருமேனியிடம் விட்டார் ராஜா.

"பொண்ணு பட்டுச்சேலையோடு உட்காரும். ஒரு நூல் சிக்கினாலும் உம்ம நாற்காலி உமக்கில்லை, தெரியுதா?"

"தெரியுது மகாராஜா."

பொன்னுலிங்க ஆசாரி பலகையை இழைத்து முடித்தார். மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்க, சீமையிலிருந்து வந்த உப்புத்தாளைக் கையில் எடுத்தார். பேரில்தான் உப்பு, நக்கிப் பார்த்தால் நாக்குதான் போகும். அதற்கு நம்பர் உண்டு. நம்பர் கம்மி என்றால் முரடு, ஏற ஏற மென்மை. முதலில் அறுபதைப் போட்டு இழைப்புளித் தடத்தைக் கரைக்க வேண்டும். அறுபது போட்ட கீறலை நூற்றிருபது அழிக்கும். அதன் கீறலை இருநூற்றிருபது அழிக்கும். அப்புறம்தான் மெழுகு.

திவான் வந்து அறுபதைத் தடவிப் பார்த்தார். விரல் எரிந்தது. மனசு குளிர்ந்தது. நேரே ராஜாவிடம் ஓடினார்.

"மகாராஜா, அநியாயம்! இளவரசி உட்காரும் பலகையை முரட்டுத் தாள் போட்டுப் பிறாண்டுகிறார்கள். அதுவும் வெறும் அறுபது! நம்ம அந்தஸ்துக்கு நானூறாவது வேண்டாமா?"

பெரிய நம்பர் என்றதும் ராஜாவுக்கு மீசை துடித்தது. ஆணை பிறந்தது: 'முரட்டுத் தாள் எதுவும் அரண்மனை வாசலைத் தாண்டக் கூடாது. தேய்ப்பது எதுவானாலும் நானூறாம் நம்பர் மட்டுமே.'

திருமேனி போய்ச் சொல்லிப் பார்த்தார். "மகாராஜா, நானூறு மினுக்கத்தான் செய்யும். மேட்டை எடுக்காது. மேடு மேடாகவே மின்னும்."

"மின்னினால் சரிதானே?" என்றார் திவான்.

"போட்ட ஆணை போட்டதுதான்" என்றார் ராஜா.

திருமேனிக்கு நாற்காலி ஆடுவது தெரிந்தது. "ஆகட்டும் மகாராஜா. எழுத்துக்கு எழுத்து நானே நின்று நிறைவேற்றுகிறேன்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலை. திவான் வாசலில் செருப்பைக் கழற்றினார். காவல்காரன் வீரணன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். பக்கத்தில் திருமேனி.

"என்னடா இது?"

"மன்னிக்கணும் எசமான். முரட்டுத் தாள் உள்ளே போகக் கூடாதாம்."

"என்கிட்ட ஏதுடா தாள்?"

"ரெண்டு இருக்கே" என்று திருமேனி திவானின் பாதத்தைக் காட்டினார். பாளம் பாளமாகப் பித்தவெடிப்பு. கோடையில் கண்மாய்த் தரை தோற்றுப்போகும்.

"ஓய்! தாள் என்றால் காகிதமய்யா!"

"அப்படியா? தினமும் மகாராஜாவின் தாள் பணிகிறேன் என்கிறீரே, அங்கே காகிதத்தையா கும்பிட்டீர்?"

வீரணன் மீசைக்குள் சிரித்தான்.

"கவலைப்படாதீர்" என்றார் திருமேனி. "உம்ம அந்தஸ்துக்கு ஏற்ற வைத்தியம் இருக்கு. ஆசாரி! ஐயாவுக்கு நானூறு கொண்டாரும்."

திவான் வாசற்படியில் உட்கார்ந்து குதிகாலைத் தேய்த்தார். தேய்த்தார், தேய்த்தார், வெயில் உச்சிக்கு வரும்வரை தேய்த்தார். வெடிப்பு போகவில்லை. வெடிப்பு பளபளத்தது. உள்ளே சபை கூடிவிட்டது. "திவான் எங்கே?" என்று கேட்டுக்கொண்டு ராஜாவே வாசலுக்கு வந்தார். அவர் பின்னால் நிற்பது தெரியாமல் திவான் தாளை வீசி எறிந்து கத்தினார்:

"இந்த வழவழப்பை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் தேய்த்தாலும் ஆகாது! அந்த அறுபதை எடுத்துக்கிட்டு வாங்கய்யா!"

ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்த கையோடு ஆணையைக் கிழித்துப் போட்டார். பலகைக்கு அறுபது வந்தது, நூற்றிருபது வந்தது, இருநூற்றிருபதும் வந்தது. கல்யாணத்தன்று இளவரசியின் பட்டு, தண்ணீரில் வாத்து போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது.

ராஜா திருமேனிக்குச் சால்வை போர்த்தினார். "உம்ம நாற்காலி உமக்குத்தான். சபையில் எந்த இடத்தில் போடச் சொல்லட்டும்?"

"திவானுக்கு முந்தின இடத்தில் மகாராஜா" என்றார் திருமேனி. "அவர் நானூறு, நான் அறுபது. முதல் தேய்ப்பு நான் தேய்த்துவிடுகிறேன். மினுக்குகிற வேலையை வழக்கம்போல அவரே பார்த்துக்கொள்ளட்டும்."