கணுக்காலில் ஒரு கை

"தெரியாம செஞ்சதுக்கும் வெக்கப்படணுமுங்களா, மேடம்?"

வந்ததும் வராததுமாகத் திருமூர்த்தி இதைத்தான் கேட்டான். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை.

ஜெனோவா நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் முன்னால் ஒரு வாளி நல்ல தண்ணீர். அதில் நீச்சல் தொப்பிகள் மிதந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, உப்புப் போக அலசி, கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன செஞ்சீங்க?"

"சொல்றதுக்கே கூசுதுங்க."

"அப்பம் இந்தத் தொப்பிய அலசுங்க."

அலசினான்.

திருமூர்த்தி உடுமலைப்பேட்டைக்காரன். கடலில் நீந்தி, கரையேறிய ஈரத்தோடு சைக்கிள் மிதித்து, அது முடிந்த கையோடு மராத்தான் தூரம் ஓடுகிற பந்தயம்தான் அவனுக்குத் தொழில். விடியும்போது தண்ணீரில் குதித்தால் மத்தியானம் தாண்டித்தான் நிற்கலாம். ஊரில் அவனை, "மூணையும் ஒண்ணாச் செய்வானே, அந்தப் பையன்" என்பார்கள். வயது நாற்பதை நெருங்குகிறது. இன்னும் பையன்தான்.

அணைத் தண்ணீரில் நீந்திப் பழகியவன். அலை பிடிபடாமல்தான் தெற்கே இந்தக் கடற்கரை ஊருக்கு, ஜெனோவாவிடம் வந்து சேர்ந்தான். அவனைவிட அவள் வயதில் சின்னவள். தரையில் எல்லோரையும் 'நீங்க' என்பாள். தண்ணீரில் இறங்கிவிட்டால் கலெக்டரானாலும் 'நீ'தான்.

வாளி காலியானது.

"இப்பம் சொல்லுங்க."

"போன மாசம் இதே கடல்ல ரேஸ் நடந்ததுங்களே."

"ஜெயிச்சீங்க. பேப்பர்ல போட்டிருந்தான்."

"ஜெயிச்சேனுங்க." அவன் தலை குனிந்துகொண்டான். "நீந்துறப்ப ஒரு ஆளு என்ற காலைத் தொட்டாருங்க."

இந்தப் பந்தயத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. முன்னால் போகிறவன் காலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நீந்தினால் தண்ணீர் வழிவிட்டுக் கொடுக்கும். பாதி உழைப்பு மிச்சம். அதனால் பின்னால் வருகிறவனின் விரல் முன்னால் போகிறவனின் பாதத்தில் பட்டுக்கொண்டேதான் இருக்கும். ரொம்பத் தொந்தரவானால் முன்னால் போகிறவன் காலை ஒரு உதறு உதறுவான். அதற்குத் தண்டனை கிடையாது. கரையேறிய பிறகு யாரும் அதைப் பேசுவதுமில்லை.

"தொட்டா உதற வேண்டியதுதானே," என்றாள் ஜெனோவா.

"உதறலீங்க. உதைச்சேன்."

அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்தாள்.

"எதுலயோ பட்டுச்சுங்க. எலும்பு. கை விட்டுப்போச்சு. நான் போயிட்டேன். கரையேறி சைக்கிளை எடுக்கறப்ப திரும்பிப் பார்த்தா, படகுல ஒருத்தரைத் தூக்கிப் போட்டுக் கொண்டு வர்றாங்க. மூக்குல ரத்தம்."

"உயிர்?"

"இருக்குதுங்க. வாந்தியெடுத்தாரு, எந்திரிச்சு உக்காந்தாருன்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"சைக்கிள் மிதிச்ச நேரம் முச்சூடும் அந்தக் கை என்ற கணுக்கால்லயே இருந்ததுங்க. எதிர்க்காத்து. சாதாரணமா எதிர்க்காத்துல எனக்கு அழுகை வரும். அன்னிக்குக் காத்தே தெரியல. ஓட்டத்துல ரோட்டோரம் தண்ணி குடுக்கற புள்ளைங்க என்ற பேரைச் சொல்லிக் கத்துதுங்க. எனக்கு அதுங்க மூஞ்சியைப் பாக்க முடியல. ஆனா கடைசில எல்லையில கட்டுன நாடாவைப் பிடிச்சதும்…"

நிறுத்தினான்.

"பிடிச்சதும்?"

"ரெண்டு கையையும் தூக்கிச் சிரிச்சேனுங்க. போட்டோவுல நல்லா விழுந்திருக்குது. அந்தச் சிரிப்பைப் பார்த்தா நாக்கைப் பிடுங்கிக்கலாம்னு இருக்குதுங்க மேடம்."

ஜெனோவா காலி வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அதுக்கப்புறம் தண்ணியில இறங்கவே முடியல. இறங்குனா கால் மரத்துப்போகுது. அடுத்த ரேஸுக்கு வரலைன்னு சொல்லிப்போட்டேன். தொழிலையே விட்டுப்போடலாமான்னு இருக்குதுங்க."

"அந்த ஆளு பேரென்ன?"

"தெரியலீங்க."

"கேட்டீங்களா?"

"இல்லீங்க."

"போய்ப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்பம் எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

திருமூர்த்திக்கு முகம் சிவந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டான்.

"பின்னால வர்றவன் ஒட்டிக்கிட்டு வர்றான்னுதான் நினைச்சேனுங்க. மாட்டிக்கிட்ட ஆளுன்னு தெரிஞ்சா உதைப்பேனுங்களா? தெரியாம நடந்ததுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயால சொன்னாப் போதும். நான் பழையபடி நீந்திருவேன்."

ஜெனோவா கொடியில் தொங்கிய தொப்பி ஒன்றைத் திருப்பிப் போட்டாள்.

"நான் அங்க இல்லியே," என்றாள். "காலைல வாங்க. கடலுக்குப் போவோம்."

*

காலையில் கடல் சாதுவாக இருந்தது. குளம் மாதிரி கிடந்தது.

கரையில் நின்றபடி திருமூர்த்தி தன் காலையே பார்த்தான்.

"முன்னால போங்க," என்றாள் ஜெனோவா. "நான் பின்னால இருக்கேன்."

பின்னால் அவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில் இறங்கினான். முதலில் கால் மரத்தது. கொஞ்ச தூரம் போனதும் சரியாயிற்று. உடம்புக்கு அதன் வேலை தெரியும். அது பாட்டுக்கு நீந்தியது.

பாதத்தில் அவள் விரல் பட்டது.

அவன் நீந்தினான்.

மறுபடியும் பட்டது. இன்னொரு தடவை. உள்ளங்காலில் சுரண்டினாள். குதிகாலில் தட்டினாள். ஈ உட்கார்ந்தால் மாடு தோலைச் சிலிர்க்குமே, அப்படி ஒரு உதறு உதறினான். வேகத்தைக் குறைக்கவில்லை.

அவள் விடாமல் தொட்டுக்கொண்டே வந்தாள். அவனும் விடாமல் நீந்தினான். கரை தள்ளிப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பின்னால் அவள் வருவதே அவனுக்கு மறந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் நீச்சல் அவனுக்கு நீச்சலாக இருந்தது.

அப்போது கணுக்காலை ஒரு கை பிடித்தது.

ஐந்து விரலும் சுற்றி வளைத்த பிடி.

திருமூர்த்தி அந்தக் கணமே திரும்பிவிட்டான். எப்படித் திரும்பினான் என்று அவனுக்கே தெரியாது. அவன் கை அவள் அக்குளுக்கு அடியில் போய்விட்டது. அவள் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

"மேடம்! என்னாச்சுங்க? மேடம்!"

ஜெனோவாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் திரும்புன?"

"நீங்க… உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு…"

"யாரு சொன்னா?"

அவன் கால் மட்டும் தண்ணீரை மிதித்துக்கொண்டிருந்தது.

"இவ்ளோ நேரம் தொட்டுக்கிட்டேதான வாரேன். அப்பம்லாம் நீ திரும்பலியே."

அவளைத் தாங்கியிருந்த கையை அவன் மெல்ல எடுத்துக்கொண்டான். வாயில் உப்புத் தண்ணீர் போயிற்று. துப்பவும் தோன்றவில்லை.

அன்றைக்குப் பிடித்ததும் இதே மாதிரி ஐந்து விரல்தான். நேற்று வரை பட்டது வெட்கமே அல்ல. அது நாலு பேரிடம் சொல்லி, ஐயோ பாவம் என்று கேட்டுக்கொள்ளக் கூடியது. இப்போது வந்ததை அவன் யாரிடமும் சொல்ல முடியாது. அப்படியே முங்கி அடியில் போய் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"கரைக்குப் போவோம்," என்றாள் ஜெனோவா.

திரும்பும்போது அவள் முன்னால் நீந்தினாள். அவன் பின்னால் போனான். அவள் காலுக்கு அருகில் போகாமல், நன்றாகத் தள்ளியே நீந்தினான்.

*

கரையை ஒட்டி முழங்கால் தண்ணீரில் ஒருவர் நின்றிருந்தார். தொப்பி மாட்டியிருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி விட்டிருந்தார். ஆனால் இறங்கி நீந்துகிற மாதிரி தெரியவில்லை. அலை வந்தால் ஒரு அடி பின்னால் போவதும், அலை போனால் ஒரு அடி முன்னால் வருவதுமாக இருந்தார்.

"நான் ஊருக்குக் கிளம்பறேனுங்க மேடம்," என்றான் திருமூர்த்தி.

"கிளம்புங்க. இவுகள ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க."

"யாருங்க?"

"சுயம்புலிங்கம் அண்ணாச்சி. மருந்துக்கடை வச்சிருக்காக. எங்கிட்டதான் நீச்சல் படிச்சாக. போன மாசம்தான் முதல் ரேஸ்."

திருமூர்த்தி அவர் முகத்தைப் பார்த்தான். மூக்குத் தண்டில் கறுப்பாக ஒரு தழும்பு இருந்தது.

 ஓடிவிடலாம் என்று பார்த்தான். ஓடுவதும் அவன் தொழில்தான். ஆனால் கால் நகரவில்லை.

அதற்குள் அவர் அவனைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ, நம்ம சாம்பியன்லா இது!" இரண்டு கையாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்க போட்டோவ கடையில ஒட்டி வச்சிருக்கேன். கையத் தூக்கிச் சிரிச்சீகளே, அந்தப் போட்டோ."

திருமூர்த்தி தண்ணீரைப் பார்த்தான்.

"அன்னைக்கு நானும் வந்தேன் சார். பாதியில படகுல தூக்கிட்டு வந்துட்டாக. அசிங்கமாப் போச்சு."

"இதுல என்னங்க அசிங்கம்," என்றான் திருமூர்த்தி.  

"தூக்கிட்டு வந்தது பெருசில்ல சார்." சுயம்புலிங்கம் ஜெனோவாவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "மேடத்துட்ட மட்டும்தான் சொல்லிருக்கேன். வீட்டுலகூடச் சொல்லல. எனக்குக் கெண்டக்கால் பிடிச்சுக்கிட்டு சார். மூச்சு முட்டிட்டு. முன்னால ஒருத்தர் போயிட்டிருந்தாரு. அவரு காலப் பிடிச்சு இழுத்துட்டேன்."

அலை வந்தது. அவர் பின்னால் போகவில்லை.

"நல்ல நீச்சக்காரரு சார் அவரு. எத்தன வருச உழைப்போ. என் உயிருக்குப் பயந்து அவரக் கெடுத்துட்டேன். அவரும் முங்கிருந்தா? தண்ணியில இறங்குனா அந்தக் காலுதான் நெனப்பு வருது. இந்த முழங்கால் தண்ணிக்கு மேல போக முடியல. அவரு யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுருவேன். தெரியலியே."

திருமூர்த்தி ஜெனோவாவைப் பார்த்தான். அவள் குனிந்து, காலில் சுற்றிய கடல்பாசியை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அது என்ற கால்தானுங்க," என்றான்.

சுயம்புலிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார். 

"சார், மன்னிச்சிருங்க சார்."

"ஐயோ, நீங்க எதுக்குங்க! உங்க மூக்கு… நான் உதைச்சதுதானுங்க அது."

சுயம்புலிங்கம் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். சிரித்தே விட்டார். அந்த முகத்தில் ஒரு மாதமாக இருந்த பாரம் ஒரு நொடியில் இறங்கிப் போனது.

"இதுவா? இதுக்கா சார் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீக? தண்ணிக்குள்ள எந்தக் கை எதுக்குத் தொடுதுன்னு யாரு கண்டா? பின்னால ஒட்டிக்கிட்டு வாரான்னு நெனச்சிருப்பீக. மாட்டிக்கிட்ட ஆளுன்னு தெரிஞ்சா நீங்க உதைப்பீகளா? தெரியாம நடந்ததுதான சார். விடுங்க."

திருமூர்த்தி எதைக் கேட்டு இவ்வளவு தூரம் வந்தானோ, அது கிடைத்துவிட்டது. கொடுக்க வேண்டிய ஆளே கொடுத்துவிட்டார். வாயைத் திறக்கக்கூட வேண்டாம். தலையை ஆட்டினால் போதும்.

ஜெனோவா நிமிரவில்லை.

"இல்லீங்கண்ணா," என்றான் திருமூர்த்தி. "தெரிஞ்சுதான் உதைச்சேன்."